சேணத்துக்குக் கீழே

நோலீன் டக்வெர்த்துக்கு ஒரு பிடிவாதம் உண்டு. பைனாகுலரைச் சேணத்துக்கு மேலே தூக்க மாட்டாள். சேணத்துக்குக் கீழே இருப்பதுதான் குதிரை, மேலே இருப்பதெல்லாம் விளம்பரம் என்பாள். ஜாக்கி யார், அவன் சட்டை என்ன நிறம், போன வாரம் எதில் ஜெயித்தான் என்று யாராவது ஆரம்பித்தால் காதில் வாங்காமல் தேநீர்க் குடுவையைத் திறக்க ஆரம்பித்துவிடுவாள்.

வசந்தம் வந்தால் அவளுக்கு வேலை வெரிபீயில். மெல்போர்ன் கோப்பைக்காக ஐரோப்பாவிலிருந்து விமானமேறி வரும் குதிரைகளை, உள்ளூர்க் குதிரைகளோடு சேர விடாமல், தனியே வைத்திருக்கும் மைதானம் அது. வேலிக்கு வெளியே நின்று காலைப் பயிற்சியைப் பார்ப்பாள். எது தேறும், எது பயணத்திலேயே பாதி கரைந்துவிட்டது என்று பத்திரிகையில் எழுதுவாள், ரேடியோவில் சொல்வாள். ஊரில் பாதிப் பேர் அவள் வாயைப் பார்த்துத்தான் பந்தயம் கட்டுவார்கள். மீதிப் பேர் அவளைத் திட்டிவிட்டு ரகசியமாகக் கட்டுவார்கள்.

அவளுக்கு இந்தப் பேர் வந்தது ஒரே ஒரு விஷயத்தால். பாய்ச்சலில் போகும் குதிரை ஏதாவது ஒரு முன்னங்காலை முன்னால் போட்டுத்தான் ஓடும். இடது வளைவில் இடது கால். வளைவு முடிந்து நேர்பாதைக்கு வந்ததும் உள்ளூர்க் குதிரை சட்டென்று வலது காலுக்கு மாறும். களைத்த காலுக்குக் கொஞ்சம் ஓய்வு. ஐரோப்பாவிலிருந்து வருபவற்றில் பல அப்படி மாறுவதில்லை. 'கால் மாத்தத் தெரியாதது ரெண்டு மைல் ஓடிக் கிழிக்கப்போகுதாக்கும்' என்று இங்கே உள்ளவர்கள் அவற்றைக் கழித்துக்கட்டிய காலம் ஒன்று இருந்தது. நோலீன்தான் எழுதினாள்: அவை நேரான மேட்டுப் பாதையில் பழகியவை, காலைப் பார்க்காதீர்கள், மூச்சைப் பாருங்கள் என்று. அந்த வருடம் கால் மாற்றாத ஒரு குதிரை கோப்பையைத் தட்டிக்கொண்டு போனது. அதிலிருந்து அவள் சொன்னதுதான் சட்டம்.

இந்த வருடம் ஃபெரிமேன் என்று ஓர் அயர்லாந்துக் குதிரை வந்திருந்தது. சாம்பல் நிறம், ஒடிசலான உடம்பு, பார்த்தால் பால் வண்டி இழுக்கத்தான் லாயக்கு என்று தோன்றும். மெல்போர்ன் கோப்பை ஓர் எடைப் பந்தயம். கெட்டிக்காரக் குதிரைக்கு முதுகில் எடை கூட, சுமாரானதற்குக் குறைவு. ஃபெரிமேன் அயர்லாந்தின் சின்னச் சின்னப் பந்தயங்களில் ஒளிந்து திரிந்ததால், எடை போடுகிற அதிகாரி ஏமாந்து மிகக் குறைந்த எடையைப் போட்டுவிட்டார். ஜாக்கியின் உடம்பும் அதில் அடக்கம் என்பதால், அந்த எடைக்கு இறங்க ஊரின் பெரிய ஜாக்கிகள் யாருக்கும் உடம்பு இடம் கொடுக்கவில்லை. கடைசியில் வாய்ப்பு, நாட்டுப்புறப் பந்தயங்களில் சேறு தின்றுகொண்டிருந்த ஷெல்பிக்கு வந்தது. ஷெல்பி நோலீனின் ஒரே மகள்.

பத்து வருடமாக ஷெல்பி காத்திருந்தது இதற்குத்தான். கோப்பையில் ஒரு தடவை ஓட்டிவிட்டால் போதும், அப்புறம் பயிற்சியாளர்கள் தேடி வருவார்கள். ஓட்டாவிட்டால் அதே சேறு, அதே முப்பது பேர் பார்க்கும் பந்தயம்.

வியாழக்கிழமை காலை நோலீன் வேலியோரம் நின்றாள். முதலில் கோர்வில் என்ற பிரெஞ்சுக் குதிரை வந்தது. நேர்பாதையில் கால் மாற்றவில்லை. மூச்சு பிரமாதம். முதலிடத்துக்கு ஆகும் என்று மனதில் போட்டுக்கொண்டாள். அடுத்து ஃபெரிமேன். இதுவும் மாற்றவில்லை. சரி என்று விட்டுவிடப் போனவள், என்ன நினைத்தாளோ, பைனாகுலரைக் கொஞ்சம் மேலே தூக்கினாள்.

ஷெல்பியின் கன்ன எலும்பு தோலைக் கிழித்துக்கொண்டு வந்துவிடும்போல் இருந்தது. உதடு வெடித்திருந்தது. ஆனாலும் சிரித்துக்கொண்டிருந்தாள். சின்ன வயதில் மட்டக்குதிரை மேல் உட்கார்ந்து சிரித்த அதே சிரிப்பு. நோலீன் அவசரமாகப் பைனாகுலரைக் கீழே இறக்கினாள். குதிரை வேகம் குறைத்துக்கொண்டிருந்தது. வலது முன்னங்கால் ஒரு நூல் அளவு சுருக்கமாக விழுந்த மாதிரி இருந்தது. அடுத்த எட்டு சரியாக விழுந்தது. அதற்கடுத்ததும் சரி.

குதிரையோடு அயர்லாந்திலிருந்து வந்திருந்த லாயத் தலைவன் ஏமன் கார்வி வேலிக்கு அந்தப் பக்கம் வந்து நின்றான். வருடா வருடம் வருகிறவன், வாய்த்துடுக்கு உள்ளவன்.

“என்னம்மா மகராசி, மூஞ்சி ஏன் இப்படிப் போகுது? எங்க பையனுக்குக் கடைசி இடம் போட்டுட்டியா?”

“ஏமன், அவன் ஏன் வலது காலுக்கு மாற மாட்டேங்கறான்?”

ஏமன் இடுப்பில் கை வைத்துக்கொண்டு சிரித்தான். “இந்தக் கேள்விய நீ கேக்கறியா? காலைப் பாக்காதேன்னு ஊருக்கே பாடம் எடுத்தவ நீ! அவனுக்கு மாத்தத் தெரியாது தாயே. பொறந்ததுலருந்து ஒரே மேடு, ஒரே கால்.”

“வேகம் இறங்கும்போது வலது கால் கொஞ்சம் சுருங்கின மாதிரி...”

“நோலீன்.” அவன் சிரிப்பு போய்விட்டது. “கால் அத்தனையும் எக்ஸ்ரே எடுத்து, டாக்டருங்க கையெழுத்துப் போட்டாச்சு. மேல உக்காந்திருக்கறது உன் பொண்ணு. அதனாலதான் உன் கண்ணுக்குக் கோணலாத் தெரியுது. வீட்டுக்குப் போய் எதையாவது சாப்பிடு. உங்க வீட்ல ஒருத்தியாச்சும் சாப்பிடணும்ல.”

அவன் சொன்னதில் தப்பில்லை. அதுதான் அவளை அரித்தது.

வீட்டுக்கு வந்ததும் ஃபெரிமேனின் பழைய பந்தய வீடியோப் படங்களைக் கம்ப்யூட்டரில் போட்டாள். பெரும்பாலானவற்றில் மழையும் மூட்டமும்தான் தெரிந்தன, கால் எங்கே தெரிகிறது. ஒரே ஒரு படத்தில் வெயில் அடித்தது. அதில், முடிவுக் கம்பத்துக்குக் கொஞ்சம் முன்னால், ஃபெரிமேன் இடதிலிருந்து வலதுக்கு மாறியது. சுத்தமாக, அழகாக மாறியது. ஓட்டிப் பார்த்தாள். நிறுத்திப் பார்த்தாள். மாற்றமா, தடுக்கலா? முதல் தடவை மாற்றமாகத் தெரிந்தது. அடுத்த தடவை தடுக்கலாகத் தெரிந்தது. திரும்பத் திரும்பப் பார்த்ததில் கண் எரிந்ததுதான் மிச்சம்.

மாற்றம் என்றால், இவனுக்கு மாற்றத் தெரியும். தெரிந்தும் மாற்றவில்லை என்றால் வலிக்கிறது. வலிக்கிற காலோடு இரண்டு மைல். நேர்பாதையில், இருபது குதிரைகளுக்கு நடுவில், அந்த எலும்பு போனால் என்ன ஆகும் என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. விழுந்த குதிரையைக் கூட்டத்தின் கண்ணிலிருந்து மறைக்கப் பச்சைத் திரையைத் தூக்கிக்கொண்டு ஆட்கள் ஓடுவார்கள். திரைக்குப் பின்னால் குதிரை இருக்கும். குதிரைக்குப் பக்கத்தில் யார் கிடப்பார்கள் என்பதை அவள் மனம் நினைக்க மறுத்தது. மறுத்துக்கொண்டே நினைத்தது.

சாயங்காலம் ஷெல்பி வெந்நீர்த் தொட்டியில் கிடந்தாள், எடை இறங்க. கதவிடுக்கு வழியாக ஆவி வந்தது. நோலீன் வெளியே தரையில் உட்கார்ந்து சுவரில் சாய்ந்துகொண்டாள். ஷெல்பி ஓட்டும் குதிரைகளைப் பற்றி இருவரும் பேசுவதில்லை என்பது வீட்டில் ரொம்ப நாளாக இருந்த ஏற்பாடு.

“ஷெல்பி, அவன் நேர்பாதையில கால் மாத்தினானா?”

உள்ளே தண்ணீர்ச் சத்தம் நின்றது.

“இல்ல. ஐரோப்பாக்காரன் மாத்த மாட்டான். எங்கம்மா பேப்பர்ல எழுதியிருக்காங்க, படிக்கல?”

“மாத்தச் சொல்லிப் பாத்தியா?”

“பாத்தேன். மாட்டேன்னுட்டான்.”

“எப்படி மாட்டேன்னான்? புரியாத மாதிரியா, பிடிக்காத மாதிரியா?”

“அம்மா, வேணாம்.”

“அவனுக்கு மாத்தத் தெரியும்டி. ஒரு படத்துல பாத்தேன்.”

“ஒரு படத்துல! தடுக்கியிருப்பான்.”

“இருக்கலாம். நாளைக்கு டாக்டருங்ககிட்ட போய் சொல்லப் போறேன். உன்கிட்ட சொல்லிட்டுச் செய்யணும்னுதான் வந்தேன்.”

தண்ணீர் தொட்டிக்கு வெளியே கொட்டியது. கதவு திறந்தது. துண்டைச் சுற்றிக்கொண்டு நின்றவளைப் பார்த்தால் வயது பத்து கூடுதலாகச் சொல்லலாம்.

“மூணு வாரமா ஐஸ்கட்டிய சப்பிட்டு இருக்கேன்மா. தூக்கத்துல கூட அந்தக் குதிரைமேலதான் இருக்கேன். சொல்றது நீன்னா அவங்க மறு யோசனையே பண்ண மாட்டாங்க. குதிரையப் பந்தயத்துலருந்து எடுத்துருவாங்க. அது தெரியுமில்ல உனக்கு?”

“தெரியும்.”

“தெரிஞ்சுமா?”

“நீ விழுந்தா நான் என்னடி பண்ணுவேன்?”

“நான் விழறதுக்குத்தான் சம்பளம் வாங்கறேன்!” ஷெல்பியின் குரல் உடைந்தது. “போ. போய்ச் சொல்லு. சொன்னேன்னா நான் இங்க இருக்க மாட்டேன்.”

மறுநாள் நோலீன் போய்ச் சொன்னாள். ரேஸ் மருத்துவர்கள் அவள் பேச்சை மறுக்கவில்லை. அவளை யார் மறுப்பார்கள்? மறுபடியும் வலது முன்னங்காலை எக்ஸ்ரே படம் எடுத்தார்கள். படத்தில் ஒரு நிழல் இருந்தது. பழைய காயம் ஆறின தழும்பு என்றார் ஒருவர். புதிய விரிசலின் ஆரம்பமாக இருக்கலாம் என்றார் இன்னொருவர். சந்தேகம் வந்தால் ஓடக் கூடாது என்பது இங்கே விதி. ஃபெரிமேனை விலக்கினார்கள்.

ஏமன் போனில் கூப்பிட்டான். அன்றைக்கு அவனிடம் கேலி இல்லை. “பாதி உலகத்தத் தாண்டிக் கொண்டு வந்தேன் நோலீன். ஒரு நிழலுக்கு” என்று மட்டும் சொல்லிப் போனை வைத்துவிட்டான். ஷெல்பி அதற்குள் ஒரு பையில் துணிகளைத் திணித்துக்கொண்டு தோழி வீட்டுக்குப் போயிருந்தாள்.

சனிக்கிழமை ரேடியோவில் நோலீன் ஐரோப்பியக் குதிரைகளை வரிசைப்படுத்தினாள். முதலிடம், கோர்வில். அது கால் மாற்றாதாமே என்று நிகழ்ச்சி நடத்துபவர் கேட்டதற்கு, பழகிப்போன வாய், “காலை விடுங்க, மூச்சைப் பாருங்க” என்றது. அவர் சிரித்தார். அவளும் சிரித்தாள்.

செவ்வாய்க்கிழமை, கோப்பை நடக்கும் ஃபிளெமிங்டன் மைதானத்தில், ராத்திரி பெய்த மழை ஈரத்திலும் கால் வைக்க இடமில்லை. தொப்பியும் பூவும் ஷாம்பெயினுமாக ஊரே அங்கே இருந்தது. நோலீன் நேர்பாதைக் கம்பியோரம் தன் வழக்கமான இடத்தில் நின்றாள். யாரோ பக்கத்தில் வந்து நின்றார்கள். திரும்பினால் ஷெல்பி. கையில், மாவுக்குள் இறைச்சி வைத்துச் சுட்ட சுடச்சுட ஒரு ‘பை’, மேலே தக்காளி சாஸ். நிதானமாக ஒரு கடி கடித்தாள். மூன்று வாரத்துக்குப் பிறகு அவள் சாப்பிடுவதைப் பார்த்ததில் நோலீனுக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

“வந்துட்டியா” என்றாள்.

“பந்தயம் பாக்க வந்தேன்” என்றாள் ஷெல்பி.

பந்தயத் தொடக்கக் கதவுகள் திறந்தன. குதிரைகள் ஒரு சுற்று போய், வளைவைத் திரும்பி, நேர்பாதைக்குள் கொட்டின. கோர்வில் வெளிப்பக்கமாகக் கிளம்பியது. கூட்டம் கத்தியது. நோலீனின் பைனாகுலர் சேணத்துக்குக் கீழே ஒட்டிக்கொண்டிருந்தது. இடது கால். இடது கால். மாறவில்லை. மற்ற குதிரைகள் களைத்துத் தள்ளாட, கோர்வில் அதே காலில் தனியாக வந்து கம்பத்தைத் தாண்டியது.

ரேடியோக்காரர் எங்கிருந்தோ ஓடி வந்து அவளைக் கட்டிக்கொண்டார். “சொன்னபடியே! நோலீன், நீ மனுஷியே இல்ல!” யாரோ அவள் கையில் ஷாம்பெயின் கிளாஸைத் திணித்தார்கள். அவர்கள் அடுத்த ஆளைக் கட்டிக்கொள்ளப் போனதும் ஷெல்பி வாயைத் துடைத்துக்கொண்டாள்.

“கோர்வில் கால் மாத்தல.”

“மாத்தல.”

“வியாழக்கிழமையும் மாத்தல. நான் பின்னாலதான் காத்திருந்தேன், பாத்தேன். நீயும் பாத்த.”

“பாத்தேன்.”

“அவனோட பழைய படத்தப் போட்டுப் பாத்தியா? மாத்தத் தெரியுமான்னு?”

நோலீன் குனிந்து கிளாஸைத் தரையில் வைத்தாள்.

“டாக்டருங்ககிட்ட போனியா?”

“இல்ல.”

“ஏம்மா?”

அவளுக்கு எத்தனையோ பதில் இருந்தது. மூச்சு நன்றாக இருந்தது, கால் சுருங்கவில்லை, நிழல் இல்லை. எல்லாம் உண்மையாகவும் இருக்கலாம். பார்க்காதவளுக்கு அது எப்படித் தெரியும்?

“அதுமேல நீ இல்லடி” என்றாள்.

ஷெல்பி தலையாட்டினாள். கோபம்கூட இல்லை அவள் முகத்தில். கோபமாக இருந்திருந்தால் தாங்கியிருக்கலாம்.

கோர்வில் திரும்பி நடந்து வந்துகொண்டிருந்தது. நோலீன் பைனாகுலரை எடுத்தாள். கால், முழங்கால், நெஞ்சு, சேணம். அப்புறம் மேலே. முழுக்கச் சேறு அப்பிய ஒரு முகம், கண்ணாடியைக் கழற்றியதில் கண்ணைச் சுற்றி மட்டும் வெள்ளையாக இரண்டு வட்டம். வாயெல்லாம் பல்லாகச் சிரித்துக்கொண்டு, அழுதுகொண்டும் இருந்தான். மீசைகூடச் சரியாக முளைக்கவில்லை.

“யார் இது?” என்றாள்.

“டேரல் ஹிக்கி. பல்லராட் ஊர்ல அவங்கம்மா கேக் கடை வெச்சிருக்காங்க. நான் போறப்பல்லாம் ஒண்ணு சும்மா குடுப்பாங்க” என்றாள் ஷெல்பி. மீதி இருந்த ‘பை’யை வாயில் போட்டுக்கொண்டாள். “கடையில டிவி இருக்கு. பாத்திருப்பாங்க.”