வெள்ளைப் பூ எப்படி வந்தது

பொட்டலத்தைப் பிரித்ததும் பெலிண்டாவின் உள்ளங்கையில் விழுந்தது வெள்ளைப் பூ. நந்தியாவட்டை. வாடக்கூட இல்லை.

லூர்துராணிக்கு முதலில் வந்தது சந்தேகம். மகள் போகப்போகிறாளே என்ற துக்கம் அப்புறம்தான் வந்தது. அந்தத் தட்டில் வெள்ளைப் பூவே கிடையாது. அது அவளுக்கு மட்டும் தெரியும். இரண்டு பொட்டலத்திலும் செவ்வரளியை வைத்துக் கட்டியவளே அவள்தான்.

"வெள்ளைம்மா," என்றாள் பெலிண்டா. "மாதா போகச் சொல்லிட்டாங்க."

"ம்," என்றாள் லூர்துராணி. நான் வெள்ளையே வைக்கவில்லையேடி என்று வாய் திறந்து சொல்லவா முடியும்?

பெலிண்டா திருச்சியில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஸ்ரீரங்கத்தில் வீடு. தினமும் காவேரிப் பாலத்தைத் தாண்டி வேலைக்குப் போய் வந்துகொண்டிருந்த பெண், திடீரென்று தான்சானியாவுக்குப் போகிறேன் என்றாள். அங்கே ஏரிக்கரை கிராமம் ஒன்றில் கன்னியர் நடத்தும் சின்ன ஆஸ்பத்திரியில் மூன்று வருடம் மறைபரப்புப் பணி. கன்னியாஸ்திரியாகவும் இல்லை, கல்யாணம் ஆனவளாகவும் இல்லை. அதுதான் லூர்துராணிக்குச் செரிக்கவில்லை.

"கடவுள் உன்னைக் கூப்பிட்டாருன்னு உனக்கு எப்படிடி தெரியும்? போன் பண்ணினாரா?"

"ஜெபத்துல தெரியுதும்மா."

"நானுந்தான் ஜெபம் பண்றேன். வாரா வாரம் பாலக்கரை மாதா கோயிலுக்குப் போயி நவநாள் ஜெபத்துல நிக்கிறேன். எனக்கு ஒண்ணும் சொல்லலையே அவரு. எனக்கும் அவருக்கும் பேச்சு வார்த்தை இல்லையா?"

"நீ கேட்டியாம்மா?"

அந்தக் கேள்வியில்தான் லூர்துராணிக்கு யோசனை வந்தது. அவள் பிறந்தது வையம்பட்டியில். கிணறு வெட்டினாலும் பெண் கொடுத்தாலும் அங்கே பூக்கட்டிப் பார்ப்பார்கள். கோயிலுக்குப் போகிறவர்களும் பார்ப்பார்கள், சர்ச்சுக்குப் போகிறவர்களும் பார்ப்பார்கள். சிவப்பு ஒன்று, வெள்ளை ஒன்று, வாழையிலைத் துண்டில் வைத்து நாரால் கட்டிச் சாமி முன்னால் போட்டு, ஒன்றை எடுக்க வேண்டும். வெள்ளை என்றால் செய்யலாம், சிவப்பு என்றால் கூடாது. எடுக்காத பொட்டலத்தைப் பிரிக்காமல் தண்ணீரில் விட்டுவிட வேண்டும்.

"பங்குச் சாமியார் கேள்விப்பட்டா என்ன சொல்வாரு?" என்றார் அவள் கணவர் பிலோமின்ராஜ். பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். எதற்கும் அதிகம் பேசாதவர்.

"நீங்க போய்ச் சொன்னாத்தான் கேள்விப்படுவாரு."

பெலிண்டா அம்மாவின் பக்கம் திரும்பினாள். "சரிம்மா. ஆனா என்ன வந்தாலும் அதோட பேச்சு முடிஞ்சுது. சிவப்பு வந்தா வரலன்னு கன்னியர் சபைக்குச் சொல்லிடறேன். வெள்ளை வந்தா, கிளம்புற அன்னிக்கு நீ என் நெத்தியில சிலுவை போட்டு அனுப்பணும். நீ போடலன்னா நான் வண்டி ஏற மாட்டேன்."

ஒத்துக்கொண்டுதான் சமையலறைக்குப் போனாள் லூர்துராணி. முறத்தில் சிவப்பும் வெள்ளையும் இரண்டிரண்டு பூ இருந்தன. கை தானாகவே சிவப்புப் பக்கம் போயிற்று. ஒன்று கட்டினாள். மறுபடியும் சிவப்புப் பக்கம் போயிற்று.

ஹாலில் சகாய மாதா படம். மாதா கையில் குழந்தை, அதன் காலிலிருந்து வார் அவிழ்ந்து தொங்கும் ஒற்றைச் செருப்பு. படத்துக்கு முன்னால் தட்டை வைத்துவிட்டு, "நீயும் ஒரு பிள்ளையப் பெத்தவதானே, கண்டுக்காதே," என்று முணுமுணுத்துவிட்டுக் குளிக்கப் போனாள்.

குளித்து வந்ததும் மெழுகுவத்தி ஏற்றி, ஜெபம் சொல்லி, பெலிண்டா கையை நீட்டினாள். கை முதலில் ஒரு பொட்டலத்தின் மேல் போயிற்று. நின்றது. அப்புறம் நகர்ந்து மற்றதை எடுத்தது. அதில்தான் வெள்ளை.

யாரோ மாற்றியிருக்கிறார்கள். யார் என்று கேட்கவும் வழியில்லை. கேட்டால் அவள் செய்தது முதலில் வெளியே வரும்.

மறுநாள் பூக்காரி வெள்ளையம்மாள் வாசலுக்கு வந்ததும் லூர்துராணி மெதுவாக ஆரம்பித்தாள்.

"நேத்து மத்தியானம் நீ பூ குடுக்க வந்தப்ப ஹாலுக்குள்ள வந்தியா வெள்ளையம்மா?"

"நான் எதுக்கு வாத்தியாரம்மா உள்ள வரேன்? சார்தான் வந்து வாங்கிக்கிட்டாரு. ஏன், ஏதாச்சும் காணாமப் போச்சா? எதுவா இருந்தாலும் எங்கிட்ட நேரா கேளுங்க."

"காணாம ஒண்ணும் போகல."

"அப்புறம்?"

"கூடுதலா ஒண்ணு வந்திருக்கு."

வெள்ளையம்மாள் கூடையை இறக்கி வைத்தாள். "ஏன் வாத்தியாரம்மா, கூடுதலா வந்ததுக்கெல்லாமா விசாரணை வைப்பாங்க? எனக்கு ஒரு நாளும் அப்படி வரலையே. வந்தா வாயை மூடிக்கிட்டு வாங்கிக்குவேன்."

அவள் இல்லை. அப்படியானால் மகளா? வேலையிலிருந்து வந்தவள் ஹாலில் தனியாகத்தான் இருந்தாள். அன்றிலிருந்து மகளின் ஒவ்வொரு காரியத்தையும் லூர்துராணி ஓரக்கண்ணால் பார்க்க ஆரம்பித்தாள். மஞ்சள் காய்ச்சலுக்கான ஊசி, விசா, ஆஸ்பத்திரியில் வேலையை விட அனுமதி, எல்லாம் வழுக்கிக்கொண்டு நடந்தன. காலையில் காபியோடு சுவாஹிலி பாடம் வேறு.

"ஒண்ணுகூடத் தடங்கல் இல்லையே. யாருடி பின்னால இருந்து தள்ளிவிடறது?"

"கதவு திறந்தா கடவுள் திறந்தாருன்னு உனக்கு ஏன்மா தோண மாட்டேங்குது?"

"உள்ள இருந்து வேற யாராச்சும் தாப்பாளை எடுத்து விட்டாலும் கதவு திறந்துதான்டி இருக்கும்." சொல்லிவிட்டுப் பாத்திரத்தைத் துடைத்துக்கொண்டே கேட்டாள். "அது இருக்கட்டும், அன்னிக்கு அந்தப் பொட்டலத்தப் பிரிக்க ஏன் அவ்வளவு நேரம்?"

"முடிச்சு அவிழல. நகத்தால கிள்ளி எடுத்தேன்."

லூர்துராணியின் கை நின்றது. அவள் போடும் முடிச்சு நுனியை இழுத்தால் ஒரே இழுப்பில் அவிழும். அவள் அம்மாவும் அப்படித்தான் கட்டுவாள்.

எடுக்காத பொட்டலம் இன்னும் மாவு டப்பாவுக்குப் பின்னால்தான் கிடந்தது. பையில் போட்டுக்கொண்டு காவேரிக்கரை அம்மா மண்டபம் படித்துறைக்கு நடந்தாள். ஈர வேட்டியோடு தர்ப்பணம் கொடுப்பவர்கள், எள்ளும் சாதமும் மிதக்கும் தண்ணீர். பிரிக்கக்கூடாது என்பது அவளுக்குத் தெரியும். ஆனால் இதிலும் வெள்ளை இருந்தால்? இரண்டையும் மாற்றியவன் முழுத் திருடன் என்று தெரிந்துபோகும். கடைசிப் படியில் உட்கார்ந்து நார் நுனியை இழுத்தாள்.

ஒரே இழுப்பில் அவிழ்ந்தது. உள்ளே கருகின செவ்வரளி.

அவள் கட்டியது அப்படியே இருக்கிறது. ஒன்றைத்தான் மாற்றியிருக்கிறார்கள். இது என்ன திருட்டு? ஏமாற்ற வந்தவன் பாதியை ஏமாற்றிவிட்டுப் பாதியை விட்டுவிட்டா போவான்? மாதாவே மாற்றியிருந்தால் நகத்தால் கிள்ளும்படியா முடிச்சுப் போட்டிருப்பாள்? பூவைத் தண்ணீரில் விட்டாள். சந்தேகம் மட்டும் கூடவே வீட்டுக்கு வந்தது.

கிளம்புவதற்கு முந்தின நாள் பிலோமின்ராஜ் ஹாலில் உட்கார்ந்து அட்டைப் பெட்டிக்குக் கயிறு போட்டுக்கொண்டிருந்தார். உள்ளே வடாம், ஊறுகாய், ஜெபமாலைகள். குறுக்கே ஒன்று, நெடுக்கே ஒன்று, அதன்மேல் முடிச்சு, முடிச்சின்மேல் முடிச்சு. காலமெல்லாம் விடைத்தாள் கட்டின கை.

"அப்பா, அங்க போயி கத்தியால அறுக்க வேண்டியிருக்கும்," என்றாள் பெலிண்டா.

"அறுக்க வேணாம்மா. நகத்தால கிள்ளினா வந்துடும்."

வாசற்படியில் நின்ற லூர்துராணி அதைக் கேட்டாள். பெலிண்டா செருப்பை மாட்டிக்கொண்டு பாலக்கரைக்குப் பூசைக்குக் கிளம்பும் வரை காத்திருந்தாள். அப்புறம் வந்து எதிரில் உட்கார்ந்தாள்.

"ஏங்க."

"என்ன?"

"இந்த முடிச்சை வாழை நார்ல போட்டா எப்படி இருக்கும்?"

கயிறு அவர் கையிலேயே நின்றது. "தெரிஞ்சு போச்சா ராணி?"

"எப்பப் பாத்தீங்க?"

"தண்ணி குடிக்க வந்தப்ப. நீ குளிக்கப் போயிருந்த. சிவப்பு ரெண்டும் காணோம். வெள்ளை முறத்துலயே கிடந்துச்சு."

"எங்கிட்ட கேக்கிறதுக்கென்ன?"

"கேட்டா நீ அழுவ. நீ அழுதா அவ போக மாட்டா. அதுக்குப் பூ எதுக்கு?"

"அதனால நீங்களும் ஏமாத்தினீங்க."

"ஒண்ணைத்தான் மாத்தினேன். ஒரு சிவப்பு, ஒரு வெள்ளை. நாம பேசினது அதுதானே? எடுக்கிறது அவ பாடு."

"ரெண்டையும் வெள்ளையாக்கியிருக்கலாமே. நீங்கதான் அவ போகணும்னு நினைக்கிறவராச்சே."

"நான் என்னிக்கு அப்படிச் சொன்னேன்?"

லூர்துராணி யோசித்துப் பார்த்தாள். சொன்னதே இல்லை. போகாதே என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. பேசாமல் இருந்த மனுஷனைச் சம்மதித்தவர் என்று அவளே முடிவு கட்டியிருந்தாள்.

"அவ கை முதல்ல உன் பொட்டலத்து மேலதான் போச்சு. பாத்தேல்ல?" என்றார். கயிற்றின் நுனியைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "அப்ப நான் என்ன வேண்டிக்கிட்டேன்னு உனக்குத் தெரியாது. அதையே எடுத்துடும்மான்னு வேண்டிக்கிட்டேன்."

மறுநாள் காலை வண்டி வாசலில் வந்து நின்றது. பிலோமின்ராஜ் டிரைவரோடு சூட்கேஸை வைக்கப் போயிருந்தார். மாதா படத்துக்கு முன்னால் பெலிண்டா முழந்தாளிட்டாள், நெற்றியைக் காட்டினாள். லூர்துராணி கையைத் தூக்கவில்லை.

"ஒண்ணு கேப்பேன். உண்மையச் சொல்லணும். அன்னிக்கு ஏன்டி கையை மாத்தின?"

பெலிண்டா நிமிர்ந்து பார்த்தாள். "ஒண்ணுல உன் முடிச்சு இருந்துச்சு. இன்னொண்ணுல அப்பா முடிச்சு."

"அப்பவே தெரியுமா உனக்கு?"

"சின்ன வயசுலேர்ந்து நீ ஜடையக் கட்டின, அப்பா புத்தகத்தக் கட்டினாரு. தெரியாதாம்மா?"

"அப்போ அப்பாதான் வெள்ளை வச்சிருப்பாருன்னு கணக்குப் போட்டு எடுத்திருக்க."

"இல்லம்மா." கொஞ்சம் நிறுத்திச் சொன்னாள். "அப்பா கண்ணு கலங்கியிருந்துச்சு. அவரு கட்டினது சிவப்பாத்தான் இருக்கும்னு நினைச்சேன். உன் முகத்தையும் பாத்தேன். இவ்வளவு அழுகையத் தாண்டிக்கிட்டா கடவுள் கூப்பிடுவாருன்னு தோணிச்சு. சரி, வேணாம்னு சொன்னா வேணாம்னு விட்டுடலாம்னுதான் அதை எடுத்தேன்."

லூர்துராணி மகளின் முகத்தை உற்றுப் பார்த்தாள். எங்கேயாவது ஒரு பொய் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று கண்ணில் பார்த்தாள், வாயோரத்தில் பார்த்தாள். இந்தப் பிள்ளை பொய் சொன்னால் காது சிவக்கும். காதையும் பார்த்தாள்.

அவளுக்குச் சந்தேகப்பட ஆள் தீர்ந்துபோயிற்று. அவள் சிவப்பைக் கட்டினாள். அவர் சிவப்பை எடுக்கும்படி வேண்டிக்கொண்டார். மகள் சிவப்பென்று நினைத்தே எடுத்தாள். வீட்டிலிருந்த மூன்று பேரில் ஒருத்தர்கூட வெள்ளைக்குக் கை நீட்டவில்லை. லூர்துராணி மெல்லத் தலையைத் தூக்கிப் படத்தைப் பார்த்தாள். மாதா எப்போதும்போல் ஒன்றும் தெரியாதவள் மாதிரி இருந்தாள். குழந்தையின் செருப்பு அவிழ்ந்து தொங்கிக்கொண்டிருந்தது.

"உன்னைக் கண்டுக்காதேன்னு சொன்னேனே," என்றாள்.

"யாரைம்மா சொல்ற?"

"உன்னை இல்லடி. இரு, வரேன்."

ஹால் மூலையிலிருந்த அட்டைப் பெட்டியின் முன் போய் உட்கார்ந்து கணவர் போட்ட முடிச்சை நகத்தால் கிள்ளினாள். லேசில் வரவில்லை. மூச்சு வாங்க வாங்க எல்லாவற்றையும் பிரித்துவிட்டு, அதே கயிற்றைச் சுற்றித் தன் முடிச்சைப் போட்டாள்.

உள்ளே வந்த பிலோமின்ராஜ் பதறினார். "ராணி, இது வழியில அவிழ்ந்துடும்."

"அவிழாது. நுனியப் பிடிச்சு இழுக்கத் தெரிஞ்சவ இழுத்தாத்தான் அவிழும்." பெலிண்டாவைப் பார்த்தாள். "அங்க போயி நகத்த உடைச்சுக்காதடி. இந்த நுனி, பாத்துக்க."

"பாத்துக்கிட்டேன்மா."

"சுவாஹிலில அம்மாவுக்கு என்ன?"

"மாமா."

"நல்ல பாஷைதான் போ," என்றாள் லூர்துராணி. கட்டைவிரலைப் புடவையில் துடைத்துக்கொண்டு மகளின் நெற்றியில் மேலிருந்து கீழாக ஒரு கோடு இழுத்தாள். குறுக்குக் கோடு கோணலாகிவிட்டது. மறுபடியும் முதலிலிருந்து போட்டாள்.