பாம்புத்தாய் ஊற்று

மலைச்சாலை வளையும் இடத்தில் பாறையிடுக்கிலிருந்து வழியும் அந்தத் தண்ணீர் லேசாக உப்புக் கரிக்கும். வெள்ளத்தில் பிள்ளையைப் பறிகொடுத்த பாம்புத்தாயின் கண்ணீர் என்பார்கள். தன் மடியில் விட்ட பிள்ளையை அவள் சாகவிடமாட்டாள் என்பது ஊர் நம்பிக்கை. உப்பு மூட்டை ஏற்றிய கழுதைக்காரர்களும் தோற்றுத் திரும்பிய சிப்பாய்களும் தாகம் தணித்த இடம் அது. பஞ்ச வருஷத்தில், சமவெளிக்குப் போகும் வண்டிக்காரர்கள் கண்ணில் படட்டும் என்று தாய்மார்கள் பச்சைப்பிள்ளைகளை அங்கே கொண்டுபோய் விட்டார்கள்.

யூஜென்னும் விட்டாள். மார்பில் பால் வற்றிப்போயிருந்தது. பக்கத்து வீட்டு கைலிங்கும் அவளும் ஒரே விடியலில் போனார்கள். கைலிங்கின் பிள்ளை நீலத் துணியில். யூஜென்னின் பிள்ளை, கல்யாணச் சட்டையிலிருந்து கிழித்தெடுத்த சிவப்புத் துணியில். திரும்பிப் பார்த்தால் தூக்கிக்கொண்டு வந்துவிடுவோம் என்று பயந்து இருவரும் கைகோத்து ஓடினார்கள். மதியம் போனபோது ஊற்றடியில் யாருமில்லை.

"ரெண்டையும் தூக்கிட்டுப் போயிட்டாங்கடி!" என்று கைலிங் சிரித்துக்கொண்டே அழுதாள்.

அதன்பின் அந்த இரண்டு பெண்பிள்ளைகளையும் இவர்கள் வளர்த்ததும் கட்டிக்கொடுத்ததும் பேச்சில்தான்.

"எம் மாப்பிள்ளை சரியான கஞ்சன்டி. புது வருஷத்துக்குக்கூட அவள அனுப்பல பாரு."

"ஒம் மக வாயாடி. அவன் பயந்து கெடக்கான்."

அப்படிப் பேசிப் பேசியே கிழவிகளானார்கள். போன குளிர்காலத்தில் கைலிங் செத்துப்போனாள்.

இளவேனிலில் ஒருநாள் யூஜென் ஊற்றில் கீரை அலசிக்கொண்டிருந்தபோது ஒரு கார் வந்து நின்றது. நடுவயதுப் பெண் ஒருத்தி இறங்கினாள். பெயர் மின்ஷூ என்றாள்.

"பெரியம்மா, பஞ்சத்துல என்னை இங்கதான் விட்டாங்களாம். தெரிஞ்சவங்க யாராச்சும் இருக்காங்களா?"

யூஜென் கையிலிருந்த கீரை தண்ணீரோடு போனது.

"என்ன துணியில இருந்த, கண்ணு?"

"நீலத்துல."

"ஒங்கம்மா பேரு கைலிங். இந்தக் குளிரத் தாண்டியிருந்தா ஒன்னப் பாத்திருப்பா, பாவி."

மின்ஷூ அழுது ஓயும்வரை காத்திருந்துவிட்டு யூஜென் கேட்டாள்: "ஒங்கூட செவப்புத் துணியில இன்னொன்னு இருந்துச்சே? அத யாரு எடுத்தா?"

"என்னை எடுத்து வளத்த அப்பா சொல்லியிருக்காரு. ரெண்டு பேரையும்தான் வண்டியில தூக்கி வெச்சாராம். அந்தப் பாப்பா அதுக்குள்ளயே வெறச்சுப் போயிருந்துச்சாம். பாறைக்குப் பின்னால பொதைச்சிட்டு, குளிருதேன்னு அந்தச் செவப்புத் துணியையும் எனக்கே சுத்தினாராம்." சற்று நிறுத்தினாள். "அது யாரு பிள்ளை, பெரியம்மா?"

"என்னோடது."

மின்ஷூ ஈரத்தரையிலேயே மண்டியிட்டு அவள் கால்களைக் கட்டிக்கொண்டாள். யூஜென் அவள் தலையில் கைவைத்தாள். "சாகவிடமாட்டேன்னுதானடி சொன்ன" என்று பாறையைப் பார்த்து முணுமுணுத்தாள்.

கைலிங்கின் சமாதிக்கு அழைத்துப் போனாள். செத்தவர்களுக்குப் போய்ச் சேரும் என்று எரிக்கிற காகிதப் பணத்தை மின்ஷூ எரித்து, "அம்மா" என்று கூப்பிட்டாள். பிறகு மிச்சமிருந்த காகிதக் கட்டு ஒன்றை எடுத்து யூஜென்னிடம் நீட்டினாள்.

இருவரும் ஊற்றடிக்குத் திரும்பினார்கள். பாறைக்குப் பின்னாலிருந்த மண்ணெல்லாம் இப்போது தார்ச்சாலை. ஓரத்தில் குந்தி யூஜென் தீ வைத்தாள். செத்தவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால்தான் காசை வாங்க வருவார்கள். பஞ்சத்தில் பிறந்த பிள்ளைக்கு யாரும் பெயர் வைத்திருக்கவில்லை. வாயைத் திறந்தாள், மூடினாள். ஒரு லாரி கடந்துபோன காற்றில் சாம்பல் சாலையெங்கும் பறந்தது.

"பாப்பா" என்றாள் கடைசியில். "அம்மா வந்திருக்கேன்."