மாப்பிள்ளைக்குக் குளிரக் கூடாது

அப்பாவிடம் திட்டு வாங்காமல் எங்கள் அணையில் எவனும் தண்ணீரில் இறங்கியதில்லை. அடியில் இருக்கும் குழாயின் வாயில் பாசி அடைத்துக்கொள்ளும். முதுகில் சிலிண்டரோடு முங்கிப்போய் அதை வெட்டி எடுப்பதுதான் எங்கள் பிழைப்பு. பனிக்காலத்தில் அந்தத் தண்ணீரில் கை வைத்தாலே எலும்பு வலிக்கும். "குல்லாவ நல்லா இழுத்து மாட்டுடா. மண்டைக்குள்ள ஒண்ணும் இல்லன்னாலும் சூடாவது இருக்கட்டும்" என்பார். மேலே கயிறு பிடிக்கிற மகள் என்னையும் விடமாட்டார். அந்த வாய் இருந்ததால்தான் அதுவரை ஒருவரும் விறைத்துச் சாகவில்லை.

தங்கையின் கணவர் வேலைக்கு வந்ததும் அந்த வாய்க்குப் பூட்டு விழுந்தது. நீச்சல் குளத்தில் நன்றாகத்தான் பழகியிருந்தார். குளிர்ந்த தண்ணீர் அன்றைக்குத்தான் முதல் தடவை.

ரப்பர் சூட்டை மாட்டியதும் நெளிந்தார். "மூச்சு முட்டுது மாமா. பெருசு ஏதும் இல்லையா?"

வேறு யாராவது கேட்டிருந்தால் அவன் பரம்பரையே சந்திக்கு வந்திருக்கும். அப்பாவோ லீவில் போயிருந்த பூசணியின் சூட்டைத் தானே போய் எடுத்துவந்தார். எங்கள் ஆட்களிலேயே பருமனானவன் பூசணி.

"தொளதொளன்னு இருக்குப்பா" என்றேன். இந்த ரப்பர் சூட் எதுவுமே தண்ணீரைத் தடுக்காது. கொஞ்சம் உள்ளே விட்டு உடம்போடு அணைத்து வைத்துக்கொள்ளும். உடம்பு அதைச் சூடாக்கிக்கொள்ளும். தொளதொள சூட்டில் கையைத் தூக்கும்போதெல்லாம் சூடானது வெளியேறிப் புதுத் தண்ணீர் உள்ளே வரும்.

"முதல் நாளே அவர் மூஞ்சிய சுளிக்க வைக்காத" என்று அப்பா என் காதைக் கடித்தார். கல்யாணத்தன்று மாப்பிள்ளை முறுக்கிக்கொண்டதும் இவர் கெஞ்சியதும் இன்னும் ஆறவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மாப்பிள்ளை இறங்கிவிட்டார். நான் கயிற்றை ஒருமுறை சுண்டினால் கீழேயிருந்து ஒரு சுண்டல் வரவேண்டும். நலம் என்று அர்த்தம். முதலில் உடனுக்குடன் வந்தது. பிறகு தாமதித்தது.

"இழுத்துடலாம்ப்பா."

"நல்லாருக்கேன்னு அவரே சொல்றாரே. நாமளா இழுத்தா தப்பா எடுத்துக்குவாரு."

அடுத்த சுண்டலுக்குப் பதில் வரவே நேரமானது. அப்பாவைக் கேட்காமலே இழுத்தேன்.

உதடு நீலம் பாய்ந்திருந்தது. ஆனால் நடுக்கம் இல்லை. "குளிரே இல்ல அண்ணி" என்று குடித்தவரைப் போலக் குழறிச் சிரித்தார். நடுக்கம் இருக்கும்வரை உடம்பு போராடுகிறது. நின்றுவிட்டால் கைவிட்டுவிட்டது.

"நடக்க விடாதீங்கப்பா! படுக்க வைங்க, சூட்ட வெட்டணும்." கத்தரிக்கோல் என் கையில் தயாராக இருந்தது.

மாப்பிள்ளை மார்பைப் பொத்திக்கொண்டார். "அண்ணி முன்னாடியா? நானே உள்ள போய் மாத்திக்கிறேன்."

இந்த நிலையில் நடந்தால் கைகால்களில் குளிர்ந்து கிடக்கும் ரத்தம் நேராக நெஞ்சுக்குப் போய் இதயத்தை நிறுத்திவிடும். அப்பாவுக்குத் தெரியாததா? மற்றவன் என்றால் மல்லாக்கத் தள்ளி மேலே உட்கார்ந்தே உரித்திருப்பார். கத்தரிக்கோலைப் பார்த்தார், மாப்பிள்ளையைப் பார்த்தார். "விடும்மா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். "மெதுவா போங்க மாப்பிள்ளை."

உடை மாற்றும் கொட்டகை வாசற்படியில் மாப்பிள்ளை சரிந்தார்.

சூட்டை வெட்டிப் பிளந்தேன். உள்ளே இருந்த தண்ணீர் அணைத் தண்ணீரைப் போலவே சில்லென்று இருந்தது. அப்பா அவர் நெஞ்சில் இரண்டு கையையும் வைத்து அமுக்கினார், அமுக்கிக்கொண்டே இருந்தார். கடைசியில் அந்தப் பூட்டு உடைந்தது.

"டேய்! எந்திரிடா! சோம்பேறி நாயே, எந்திரிடா! எவன்டா உன்ன நடக்கச் சொன்னது?"

அணை முழுக்கக் கேட்டது. கல்யாணத்திலிருந்து அடக்கிவைத்த வசவெல்லாம் வந்தது. திட்டிக்கொண்டே அழுதார்.

மாப்பிள்ளை கோபித்துக்கொள்ளவே இல்லை.