நாற்பத்தொன்றாவது கண்ணி

"நடுவுல மட்டும் கோடு மாதிரி காலியா வுட்டிருக்கீங்களே, அது ஏன் சார்?"

என் அம்மா ஜான் பீ கேட்டது இவ்வளவுதான். சுவரில் மாட்டியிருந்த பெரிய கட்டத்தாளைக் காட்டிக் கேட்டார்.

"அது பக்கத்துப் பக்கத்துக் கண்ணிங்கம்மா" என்றார் ஸ்தனிஸ்லாஸ் சார். "சங்கிலியில ஒண்ணோட ஒண்ணு கட்டியிருக்குது. எப்பவும் தொட்டுக்கிட்டுத்தான் இருக்கும். அதனால எண்ணல."

"கட்டியிருந்தாத் தொட்டுத்தான் இருக்குமா? எங்க வூட்டுக்காரரும் நானும் கட்டித்தான் இருக்கறோம். மூணு நாளாப் பேச்சு இல்ல."

சார் சிரித்துவிட்டார். அவர் மனைவி புஷ்பமேரி அக்காவுக்கு முப்பதாம் நாள் பூசை முடிந்து இரண்டு வாரம் ஆகியிருந்தது. அதற்குப் பிறகு அவர் சிரித்து நான் கேட்டது அன்றுதான்.

அது 1974, ஜூலை மாதத்து ஒரு சனிக்கிழமை. சார் தருமபுரியில் கல்லூரி ஆசிரியர். நான் கணக்கில் பட்டம் வாங்கிவிட்டு வீட்டில் இருந்தவள். அவருடைய டாக்டர் பட்ட ஆராய்ச்சிக்குக் கணக்குப் போட்டுக் கொடுக்க ஏழு மாதமாக அந்த வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தேன். அக்கா உயிரோடு இருந்தவரை தனியாகப் போவேன். அக்கா காமாலையில் போன பிறகு அம்மா கூடவே வந்து, பூண்டு உரித்துக்கொண்டு வாசல் பக்கம் உட்கார்ந்துகொள்வார்.

வேலை இதுதான். புரதம் என்பது அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலி. நாங்கள் எடுத்துக்கொண்ட புரதத்தில் நூற்று நான்கு கண்ணிகள். அந்தச் சங்கிலி நீட்டிக் கிடப்பதில்லை, சுருண்டு கிடக்கிறது. சுருளும்போது வரிசையில் எங்கோ இருக்கும் இரண்டு கண்ணிகள் பக்கத்தில் வந்துவிடும். எது எதைத் தொடுகிறது என்று தெரிந்தால், அது ஏன் அப்படிச் சுருண்டது என்பதும் கொஞ்சம் தெரியும். ஒவ்வொரு கண்ணிக்கும் இருக்குமிடத்தைச் சொல்லும் மூன்று எண்கள் உண்டு. மெட்ராஸிலிருந்து ஒருவர் கார்பன் காப்பியாக அவற்றை இரவல் அனுப்பினார். அக்கா அதைப் பார்த்துப் படிக்க, நான் கண்ணிக்கு ஓர் அட்டை என்று எழுதிக்கொண்டேன். தாளைத் திருப்பி அனுப்பிவிட்டோம். பிறகு இரண்டிரண்டு அட்டையாக எடுத்து, கைப்பிடி சுற்றும் கணக்கு மிஷினில் தூரம் போட்டோம். ஏழு ஆங்ஸ்ட்ராமுக்குள் வந்தால் கட்டத்தாளில் ஒரு புள்ளி. ஆங்ஸ்ட்ராம் என்பது ஒரு சென்டிமீட்டரில் பத்துக் கோடியில் ஒரு பங்கு.

எல்லாம் முடிந்து, டைப் அடித்து, ஆய்வேட்டின் ஐந்து பிரதிகள் ஐந்து கட்டாக மேசையில் இருந்தன. திங்கட்கிழமை மாலைக்குள் மெட்ராஸில் கொடுத்தாக வேண்டும். தவறினால் ஐந்து வருடப் பதிவு காலாவதி.

"பரிதா, அம்மாவுக்கு ரெண்டு ஜோடி போட்டுக் காட்டு. மூணு புள்ளி எட்டுத்தான் வரும்" என்று சொல்லிவிட்டு, சார் பெட்டி அடுக்க உள்ளே போனார்.

போட்டேன். ஒன்றுக்கும் இரண்டுக்கும் மூன்று புள்ளி எட்டு. இரண்டுக்கும் மூன்றுக்கும் அதேதான்.

"அட, ஆமா!" என்றார் அம்மா. "இன்னொண்ணு போடு."

விளையாட்டாகத்தான் போட்டுக்கொண்டே போனேன். நான் பெருக்கிக் கூட்டி, வர்க்கமூலப் புத்தகத்தைப் புரட்டுவதற்குள் அம்மா "மூணு எட்டு" என்பார். சரியாக இருக்கும். இருவருக்கும் சிரிப்பு.

நாற்பதுக்கும் நாற்பத்தொன்றுக்கும் எட்டு புள்ளி இரண்டு வந்தது.

"மூணு எட்டு" என்றார் அம்மா. நான் வர்க்கமூலப் புத்தகத்தை மறுபடி புரட்டினேன். "என்னாடி, சொல்லு."

"இரும்மா."

திரும்பவும் போட்டேன். எட்டு புள்ளி இரண்டு. நாற்பத்தொன்றுக்கும் நாற்பத்திரண்டுக்கும் போட்டால் ஏழு புள்ளி ஒன்பது. கட்டியிருக்கும் கண்ணிகள் அவ்வளவு தள்ளி இருக்க வழியே இல்லை. நாற்பத்தொன்றாவது அட்டையில் முதல் எண் 3.2. அதற்கு முன்னும் பின்னும் உள்ள அட்டைகளில் முதல் எண்ணுக்கு முன்னால் மைனஸ் இருந்தது. இதற்கும் ஒரு மைனஸ் போட்டுக் கணக்கிட்டேன். இந்தப் பக்கம் மூன்று புள்ளி எட்டு, அந்தப் பக்கமும் மூன்று புள்ளி எட்டு.

ஒரு சிறு கோடு விட்டுப்போயிருக்கிறது. பக்கத்துக் கண்ணிகளை எண்ணியிருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். எண்ண வேண்டாம் என்று விட்டதால் ஏழு மாதம் யார் கண்ணிலும் படவில்லை.

எண்பத்தெட்டாவது அட்டையை எடுத்தேன். நாற்பத்தொன்றும் எண்பத்தெட்டும் தொடுகின்றன என்பதுதான் ஆய்வேட்டின் நான்காவது அதிகாரம். அவ்வளவு தள்ளி இருக்கும் இரண்டு கண்ணிகள் ஐந்து புள்ளி நான்கில் வந்து நிற்கின்றன என்று சார் அதன்மேல் முப்பது பக்கம் எழுதியிருந்தார். கோட்டைப் போட்டுப் பார்த்தேன். ஒன்பது புள்ளி ஆறு. தொடவில்லை.

அம்மாவிடம் உருதுவில் மெதுவாகச் சொன்னேன். அம்மா பூண்டுத் தட்டைக் கீழே வைத்தார்.

"இன்னிக்குச் சொல்லாதே" என்றார் அவரும் உருதுவிலேயே. "இப்பத்தான் மனுஷன் சிரிச்சாரு. போய்க் குடுத்துட்டு வரட்டும்."

"தப்பும்மா."

"தப்பு யாருது? எண்ணைப் படிச்சவ மண்ணுக்குள்ள கிடக்கறா. அவ தலையில போடப் போறியா?"

ஆனாலும், "சார்" என்று கூப்பிட்டுவிட்டேன்.

சார் வந்தார். நான் சொன்னதை நின்றபடியே கேட்டார். பிறகு என்னை எழுந்திருக்கச் சொல்லி, மிஷின் முன்னால் உட்கார்ந்து தானே கைப்பிடியைச் சுற்றினார். மூன்று முறை சுற்றினார். அட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மை அழிந்த அடையாளம் எதுவும் இல்லை.

"நான்தான் சார்" என்றேன். "எழுதும்போது வுட்டுட்டேன்."

"வுட்டது ஞாபகம் இருக்குதா?"

அட்டைகளை அடுக்கத் தொடங்கினேன்.

"கேக்கறேன் இல்ல? இருக்குதா?"

"இல்லைங்க சார்."

"அப்புறம் எப்படிச் சொல்ற?"

"அக்கா ஒழுங்காத்தான் படிப்பாங்க..."

"கார்பன் காப்பியில கோடெல்லாம் மங்கல். அவளுக்குத் தெரியாமப் போயிருக்கலாம். அவ சொல்லி உனக்குக் கேக்காமப் போயிருக்கலாம். அனுப்பினவன் அடிக்கும்போதே வுட்டிருக்கலாம். உனக்குத் தெரியாது, எனக்கும் தெரியாது. தெரியாததைத் தெரிஞ்ச மாதிரி சொல்லாத பரிதா. நாலாவது அதிகாரத்துல நான் பண்ணி வச்சிருக்கறதும் அதுதான்."

மேசையில் இருந்த கட்டுகளின் மேல் கையை வைத்தார்.

"மெட்ராஸ்ல யாரும் போட்டுப் பாக்க மாட்டாங்க" என்றார். எங்களிடம் சொன்னாரா, தனக்கே சொல்லிக்கொண்டாரா தெரியவில்லை.

அம்மா பிடித்துக்கொண்டார். "பாக்க மாட்டாங்கன்னா கொண்டு போயிருங்க சார். பரிதாவைக் கூப்பிட வந்தப்ப நானும் பாத்தேனே. அந்தப் பொண்ணு காய்ச்சலோட சுவத்துல சாஞ்சுக்கிட்டுப் படிச்சுது. அது அத்தனையும் வீணாப் போவணுமா?"

"வீணாப் போகக்கூடாதுன்னுதாம்மா யோசிக்கறேன்."

மேல் கட்டைப் பிரித்து முதல் தாளை எடுத்தார். எண்களையெல்லாம் வாசித்தவர் என் மனைவி என்று அதில் ஆங்கிலத்தில் இரண்டு வரி இருந்தது. அதை அம்மாவுக்குத் தமிழில் சொன்னார்.

"என்னைக்காவது ஒருத்தன் போட்டுப் பாப்பான்மா. நான் இருக்கறப்பவோ, செத்த பிறகோ. அப்ப இந்தப் பேருதான் அவன் கண்ணுல படும். தப்பாப் படிச்சவள்னு நெனப்பான். பதில் சொல்ல அவ வர முடியாது."

"உங்க பதிவு சார்?" என்றேன்.

"போகும்."

"அஞ்சு வருஷம்..."

"போகும்னு சொல்றேன் இல்ல." குரல் உயர்ந்துவிட்டது. உடனே தணிந்தது. "திங்கக்கெழமை போறேன். மொரப்பூர்ல ரயில் ஏறி, ப்ரொபசரை நேர்ல பாத்துச் சொல்லிட்டு வரேன். திட்டுவாரு. திட்டட்டும். மறுபடி பதிவு பண்ணச் சொல்லி ஒரு கடுதாசி கேக்கணும். குடுத்தாக் குடுக்கறாரு."

ஐந்து கட்டுகளிலிருந்தும் நான்காவது அதிகாரத்தை உருவினார். கிழிக்கவில்லை. தனியாக அடுக்கி, நூல் போட்டுக் கட்டி, அலமாரியின் அடித்தட்டில் வைத்தார். குனிந்தவர் நிமிர நேரமாயிற்று. அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"நாப்பத்தொண்ணை மட்டும் திருத்திட்டாப் போதுங்களா சார்?" என்று கேட்டேன்.

"எப்படிப் போதும்? ஒண்ணு தப்புன்னா மத்தது சரின்னு யாரு சொன்னா? மிச்சமெல்லாம் போட்டுருவோம். நான் படிக்கறேன், நீ சுத்து."

நாற்பத்திரண்டிலிருந்து ஆரம்பித்தோம். அக்கா படித்தால் எண்கள் ஓடும். சார் ஒவ்வொன்றுக்கும் நின்றார். கோடு இல்லாத எண்ணுக்கும் "கூட்டல்" என்று சொல்லிவிட்டுத்தான் எண்ணைச் சொன்னார். அம்மா இப்போது "மூணு எட்டு" என்று முந்திக்கொள்ளவில்லை. விடை வரும்வரை என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். பிற்பகல் அஸர் தொழுகைக்கு நேரமானதும் சாரிடம் கேட்டுக்கொண்டு சமையலறையில் ஒரு துணி விரித்துத் தொழுதார். போகலாம் என்று சொல்லவில்லை, திரும்பி வந்து உட்கார்ந்துகொண்டார்.

நூற்று நான்கு வரை எல்லாம் சரியாக இருந்தது. விட்டுப்போனது அந்த ஒரு கோடுதான்.

"இதுல சிவப்பு மையில கோடு போட்டுரட்டுங்களா?" என்று பழைய அட்டையை எடுத்தேன்.

"வேண்டாம். அது அப்படியே இருக்கட்டும். புதுசா எழுது."

வெற்று அட்டை ஒன்றை எடுத்து மேலே நாற்பத்தொன்று என்று எழுதினேன். சார் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"கழித்தல். மூணு புள்ளி ரெண்டு."

எழுதினேன்.

"கூட்டல். பத்து புள்ளி ஒண்ணு. கூட்டல். எட்டு புள்ளி பூஜ்யம்."

எழுதிவிட்டு அட்டையைக் கட்டுக்குள் சொருகப் போனேன். அவர் கையை நீட்டித் தடுத்தார்.

"எழுதினதைப் படி."

ஏழு மாதத்தில் நாங்கள் ஒரு நாளும் அதைச் செய்ததில்லை. நான் படித்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.