பல்பு வைத்த கிட்டார்

ராயப்பனை ஜினமதிக்கு முதல் நாளே பிடிக்காமல் போனது. அதற்காக அவர் பெரிதாக மெனக்கெடவில்லை. வாயைத் திறந்தார், அவ்வளவுதான்.

1986, சித்திரை வெயில். திண்டிவனத்தில் பெரியப்பா அனந்தநாதன் நடத்திய ஸ்டெபிலைசர் கடையில் ஐந்து வருஷமாகச் செம்புக் கம்பியில் காயில் சுற்றிக்கொண்டிருந்தாள் ஜினமதி. ராயப்பன் விழுப்புரத்தில் மெல்லிசைக் குழு நடத்துகிறவர். பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்த நீள அட்டைப்பெட்டியை மேசைமேல் போட்டுவிட்டுக் கடைக்குள் எட்டிப் பார்த்தார்.

"ஆம்பளைங்க யாரும் இல்லியா? இது மியூசிக் சமாச்சாரம், மிக்ஸி ரிப்பேர் இல்ல."

"அவதான் பார்ப்பா, குடுத்துட்டுப் போங்க" என்றார் பெரியப்பா.

பெட்டிக்குள் ஒரு கிட்டார் இருந்தது, ஆனால் கிட்டாராக இல்லை. கோட்டக்குப்பத்து இப்ராஹிம் ஷா துபாயிலிருந்து எலெக்ட்ரிக் கிட்டார் கொண்டுவரப் போகிறார் என்று ராயப்பன் ஆறு மாதமாக ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார். வந்ததோ வர்ணம் பூசாத பலகை ஒன்று, தனியாக ஒரு கழுத்து, திருகாணிப் பொட்டலங்கள், கம்பியின் அதிர்வைப் பிடிக்கும் கறுப்பு மூடி போட்ட மூன்று காயில்கள், கொஞ்சம் வயர். வாங்குகிறவரே பூட்டிக்கொள்ள வேண்டிய சாமான். குழு முழுவதையும் கூட்டி வைத்துக்கொண்டு பெட்டியைப் பிரித்தவர், சிரித்தவர்களிடம் ஃபாரினில் பெரிய ஆர்ட்டிஸ்ட்டெல்லாம் இப்படித்தான் என்று சமாளித்திருக்கிறார். பிறகு ஒரு மாதம் தானே திருகிப் பார்த்ததில் கழுத்து கோணிக்கொண்டது, பலகையில் விரிசல் விழுந்தது. அதெல்லாம் ஒரு தச்சன் செய்த கோளாறு என்றார். திருகாணியின் தலைகள் தேய்ந்திருந்த விதத்தைப் பார்த்தாலே தெரிந்தது, எந்தத் தச்சனும் ஸ்க்ரூடிரைவரை இப்படிப் பிடிக்க மாட்டான்.

பெட்டியின் அடியில் எப்படிப் பூட்டுவது என்று படம் போட்ட தாள் இருந்தது. மடிப்புக்கூடக் கலையவில்லை. ஒரு மாதம் கையில் வைத்திருந்தும் மனிதர் அதைப் பிரித்தே பார்க்கவில்லை. அந்த நிமிஷமே ஜினமதி அவரை எடைபோட்டு முடித்துவிட்டாள்.

ஆனால் சாமான் வேறு விஷயம். வயர் போகிற வழி படத்திலேயே தெளிவாக இருந்ததால் அவளுடைய பத்தாம் வகுப்பு இங்கிலீஷே போதுமானதாக இருந்தது. கோணல் துளைகளில் தேக்குக் குச்சியை அடித்து அடைத்து, புதிதாகத் துளையிட்டுக் கழுத்தை நேராக்கினாள். மூன்று காயில்களில் ஒன்று செத்திருந்தது. அதைப் பிரித்தபோது தலைமுடியைவிட மெல்லிசான கம்பி வந்தது. ஸ்டெபிலைசர் கம்பி அதன் பக்கத்தில் தாம்புக்கயிறு மாதிரி. அந்த அளவுக் கம்பியை மெட்ராஸிலிருந்து வரவழைத்து, மூச்சை அடக்கிக்கொண்டு ஏழாயிரத்துச் சொச்சம் சுற்று சுற்றினாள். இரண்டு தடவை நடுவில் அறுந்து, இரண்டு தடவையும் முதலிலிருந்து ஆரம்பித்தாள். கம்பிகளைத் தாங்கும் இரும்புத் தகட்டுக்கு, இரைச்சல் வராமலிருக்கப் படத்தில் இருந்தபடியே ஒரு எர்த் வயரைப் பற்றவைத்தாள்.

ஆறு கம்பியையும் மாட்டி, கடையிலிருந்த பழைய ஆம்ப்ளிஃபயரில் சொருகி, தடித்த கம்பியை ஒரு விரலால் சுண்டினாள். கல்லாவில் இருந்த பெரியப்பா நிமிர்ந்து பார்த்தார். ஜினமதி இன்னொரு தடவை சுண்டினாள். பிறகு இன்னொரு தடவை. அன்று மத்தியானம் அவள் சாப்பிடப் போனபோது மணி மூன்றாகிவிட்டது.

வாங்கிக்கொள்ள வந்த ராயப்பன் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். இதைச் சுற்றி சீரியல் பல்பு எங்கே வைப்பது? மேடையில் சிவப்பும் பச்சையுமாக அணைந்து அணைந்து எரியவேண்டும், நடுவில் அவர் பெயர் தெரியவேண்டும்.

"வேணாங்க. கம்பியில கை வச்சிக்கினு, வாயை மைக்குல வச்சிக்கினு நிப்பீங்க. இதுல மெயின் கரண்ட்டைக் கொண்டாந்து, எங்கனா ஒரு வயர் நசுங்கிச்சின்னா ஆளே போயிடுவாங்க."

மேடையைப் பார்க்காத பெண்ணுக்கு மேடை எப்படித் தெரியும் என்று பெரியப்பாவைப் பார்த்துச் சிரித்துவிட்டு, கிட்டாரைத் தூக்கிக்கொண்டு போனார்.

ஆவணியில் பெரியப்பாவின் சிநேகிதர் வீட்டுக் கல்யாணம், விழுப்புரத்தில். சாயங்காலம் வரவேற்பு, ராயப்பனின் கச்சேரி. ஜினமதியும் போயிருந்தாள். லாரிக்குப் பெயர் எழுதுகிற மாரியப்பன் கிட்டாரில் நாலு வர்ணத்தில் 'ராயப்பன்' என்று எழுதி, பக்கத்தில் ஒரு தாமரையும் போட்டிருந்தார். சுற்றிலும் முப்பது பல்புகள். கிட்டாரிலிருந்து மஞ்சள் வயர் இறங்கி, நடுவில் டேப் சுற்றிய ஒரு ஒட்டோடு, சுவரிலிருந்த பிளக்குக்குப் போனது. பல்பு மினுங்கும்போதெல்லாம் ஸ்பீக்கர் கரகரவென்று இரைந்தது. வயரின் மறுமுனை எங்கே நுழைகிறது என்று ஜினமதி பார்த்தாள். கம்பிகளைத் தாங்கும் அதே இரும்புத் தகட்டுக்கு அடியில்.

அவள் நாற்காலிகளுக்கு நடுவே புகுந்து, மேடையேறி, யாரையும் கேட்காமல் பிளக்கைப் பிடுங்கினாள்.

பல்புகள் அணைந்தன. இரைச்சல் நின்றது. ராயப்பன் மைக்கை இழுத்துக்கொண்டார்.

"திண்டிவனத்துல இந்தப் பொண்ணுகிட்டதாங்க ரிப்பேருக்குக் குடுத்தேன். பாதி வேலைதான் தெரியும். மீதியைச் செய்ய மேடைக்கே வந்துடுச்சி."

மண்டபம் சிரித்தது. பெரியப்பா தலையைக் குனிந்துகொண்டார். ஜினமதி முகம் எரிய இறங்கி வந்தாள். ராயப்பன் விட்ட இடத்திலிருந்து வாசித்தார். இரைச்சல் இல்லாததால் அவர் வாசிப்பது இப்போதுதான் எல்லார் காதிலும் சுத்தமாக விழுந்தது. பாடுகிறவர் ஒரு அடியில் அவருக்காகக் காத்திருந்தார், அடுத்த அடியில் காத்திருக்காமல் போய்விட்டார். முன்வரிசையில் இருந்தவர்கள் ஒவ்வொருவராகப் பந்திக்கு எழுந்தார்கள்.

மூன்றாம் நாள் ராயப்பன் கிட்டாரோடு கடைக்கு வந்து கத்தினார். மானம் போய்விட்டதாம், குழுவில் ஒருத்தனும் மதிப்பதில்லையாம். பெரியப்பா ஜினமதியிடம் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டுவிடச் சொன்னார். அவள் கிட்டாரை மேசையில் கிடத்தித் தகட்டைக் கழற்றினாள். தகடு நசுக்கியதில், பலகைப் பக்கம் மஞ்சள் வயரின் தோல் பிய்ந்து செம்பு தெரிந்தது. அதற்கும் அவள் பற்றவைத்த எர்த் வயருக்கும் நடுவில் ஒரு அரிசி நுழையாது.

"இன்னும் ரெண்டு பாட்டு வாசிச்சிருந்தீங்கன்னா இது ஒட்டிக்கினு, ஆறு கம்பியிலயும் கரண்ட்டு பாஞ்சிருக்கும்."

பெரியப்பா ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார். ராயப்பன் உட்கார்ந்து அந்தச் செம்பைக் குனிந்து பார்த்தார். பயந்துவிட்டார், இனியாவது திருந்துவார் என்று ஜினமதி நினைத்தாள். அவர் நிமிர்ந்து பெரியப்பாவைப் பார்த்துச் சொன்னார்:

"ஆனா பல்பு எரிஞ்சப்போ ஜனங்க எப்படிப் பாத்தாங்க தெரியுமா?"

சாவிலிருந்து பிழைத்ததுகூட உறைக்காத ஒரு மண்டைக்காகவா மண்டபம் முழுக்கச் சிரிப்பை வாங்கிக்கொண்டோம் என்று ஜினமதிக்கு இருந்தது. வயரை உருவி எறிந்தாள். முப்பது துளையையும் மெழுகு வைத்து அடைத்தாள். மூன்று காயிலையும் சோதித்தாள். அவள் சுற்றிய காயில்தான் மற்ற இரண்டைவிடவும் கணீரென்று இருந்தது. இது போய் இந்த ஆளிடம் இருக்கப் போகிறதே என்று நெஞ்சு வலித்தது. உறையில் போடுவதற்கு முன் ஆறு கம்பியையும் மெதுவாக ஒருமுறை தடவிவிட்டாள்.

ராயப்பன் உறையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசல்வரை போய்த் திரும்பினார். அன்றைக்கு வாசிப்பு கொஞ்சம் சுகமில்லை என்று நாலு பேர் சொன்னார்களாம். சவுண்டை இன்னும் கொஞ்சம் நல்லாக்க வழி உண்டா என்று கேட்டார்.

"கிட்டார்ல எந்தக் கொறையும் இல்லீங்க."

அவர் முகம் மலர்ந்துவிட்டது. அதைத்தான் நானும் அவர்களிடம் சொன்னேன் என்று சொல்லிவிட்டு, விழுப்புரம் பஸ்ஸைப் பிடிக்க ஓடினார்.