குடிபெயர்ந்த வலி

பெயிண்டர் சாரத்திலிருந்து விழுந்து தண்டுவடம் அறுந்த அன்று, அவருடைய இடுப்புக்குக் கீழே இருந்த உணர்ச்சி மொத்தமும் மனைவியின் உடம்புக்குக் குடிபெயர்ந்தது. டாக்டர் அவர் உள்ளங்காலில் ஊசியால் குத்தியபோது, வராந்தாவில் நின்றிருந்த அவள்தான் "ஐயோ" என்று காலை உதறினாள். டாக்டர் இன்னொரு முறை குத்திப் பார்த்துவிட்டு அடுத்த படுக்கைக்குப் போய்விட்டார்.

வீடு திரும்பியபின் அது வசதியாகத்தான் இருந்தது. அவர் சக்கர நாற்காலியில் அதிக நேரம் இருந்துவிட்டால், தையல் மிஷினில் இருப்பவளுக்குப் பின்புறம் எரியும். எழுந்து வந்து அவரைப் படுக்கையில் புரட்டிப் போடுவாள். சூடான டம்ளரை அவர் மடியில் மறந்து வைத்தால் அவள் தொடை பதறும். மூத்திரக் குழாய் மடங்கினால் அவளுக்கு அடிவயிறு முட்டும். அவரைப் போலக் கிடந்தவர்களுக்கெல்லாம் படுக்கைப்புண் வந்தது, அவருக்கு ஒரு கீறல் இல்லை. "என் காலை எப்போ திருப்பித் தருவே?" என்று கேலி செய்வார். "இத்தனை வருஷ வாடகையைக் குடுங்க, காலி பண்ணச் சொல்றேன்" என்பாள்.

மகள் வெளியூருக்கு வேலைக்குப் போன வருஷம் மனைவிக்கு வயிற்றில் ஒரு வலி வந்தது. அவருடையது என்றே நினைத்தாள். குழாயை மாற்றினாள், மலச்சிக்கலுக்கு மருந்து கொடுத்தாள், அவரை ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகத் தள்ளிக்கொண்டு போய் ஸ்கேன் எடுத்தாள். அவருக்கு ஒன்றுமில்லை என்றார்கள். "ஒருதடவை உன்னைக் காட்டேன்" என்று அவர் கெஞ்சினார். "எனக்கென்ன, கல்லு மாதிரி இருக்கேன். இது உங்க வலிங்க, எனக்குத் தெரியாதா?" என்றாள். தன் வலி எப்படி இருக்கும் என்பதே அவளுக்கு மறந்துபோயிருந்தது. கடைசியில் அவளைப் படுக்கவைத்துப் பார்த்தபோது குடலில் இருந்த கட்டி ஈரல்வரை பரவியிருந்தது. மழைக்காலம் முடியுமுன் போய்ச் சேர்ந்தாள்.

பெயிண்டர் கண்ணாடியைப் பிடித்துத் தானே புண் தேடக் கற்றுக்கொண்டார். அந்த உணர்ச்சி அவளோடு போனதாகவே இருக்கட்டும், மகளிடம் மட்டும் போகவேண்டாம் என்று தினமும் வேண்டினார். ஒருநாள் வேலை செய்யும் இடத்திலிருந்து மகள் போன் செய்தாள்.

"அப்பா, இடது குதிகால்ல என்னமோ உறுத்துது. உங்க செருப்பு வார் மடங்கியிருக்கா பாருங்க."

மடங்கித்தான் இருந்தது. அவர் அதைத் தொடவில்லை, போனைப் பிடித்துக்கொண்டு குழந்தை மாதிரி அழுதார்.

"முதல்ல உன் காலைப் பாரும்மா" என்றார்.

அவள் செருப்பைக் கழற்றிப் பார்த்து, ஒன்றுமில்லை என்று சொன்ன பிறகுதான் குனிந்தார். அன்றிலிருந்து அந்தக் குடும்பத்தில் யாருக்கு வலித்தாலும் முதலில் மகளைத்தான் டாக்டரிடம் காட்டுகிறார்கள்.