துடைப்பத்தின் நுனி

இயற்கை எரிவாயுவில் ஹைட்ரஜன் பங்கைக் கூட்டக் கூட்ட எங்கள் எஞ்சின் நன்றாகவே ஓடியது. புகையில் கார்பன் குறைந்தது; சூடு ஏறியதால் நைட்ரஜன் ஆக்சைடு கூடியது. காற்றை அதிகம் விட்டு அதையும் இறக்கினோம். இன்னும் கொஞ்சம் ஹைட்ரஜன் சேர்த்தபோது தீ, காற்றும் வாயுவும் உள்ளே போகும் உறிஞ்சு குழாய்க்குள் திரும்பி, டமார் என்று வெடித்தது. எஞ்சினை நிறுத்தினேன்.

ஜப்பானில், அமகாசாகியிலுள்ள எங்கள் ஆய்வுக்கூடத்தில் எதைச் சரிபார்த்தாலும் விரல் நீட்டி உரக்கச் சொல்ல வேண்டும். நானும் சுவர்ப் பக்கம் விரல் நீட்டி, "ஹைட்ரஜன் வால்வு மூடியாச்சு, சரி!" என்றேன். அதை நம்பி என் சீனியர் உமேஹாரா எஞ்சினைப் பார்க்கச் சோதனை அறைக்குள் போனார்.

அந்த அறையின் கண்ணாடிக்கு வெளியே, திரை முன்னால் உட்கார்ந்த பிறகுதான் சந்தேகம் வந்தது. விரல் நீண்டது, வாய் சொன்னது. கண் பார்த்ததா? திரும்பினேன். வால்வு திறந்தே இருந்தது. பாய்ந்து மூடினேன். மூடியும் திரையில் குழாயின் அழுத்தம் இறங்கிக்கொண்டே போனது. வெடித்ததில் குழாய் எங்கோ விட்டிருக்கும்; உள்ளே ஒழுகுகிறது. ஆனால் கூரையிலிருந்த வாயுக்கசிவு எச்சரிக்கை மணி அடிக்கவில்லை. ஒழுகும் இடத்திலேயே வாயு எரிந்துவிட்டால் மணிக்கு எதுவும் எட்டாது. வெளிச்சத்தில் ஹைட்ரஜன் தீ கண்ணுக்குத் தெரியாது என்று மாலை வகுப்பில் படித்திருந்தேன்.

மைக்கைப் பிடித்தேன். "உமேஹாரா சான், அசையாதீங்க!"

"ஆரம்பிச்சுட்டான்யா! இன்னைக்கு என்ன தோகாஷி, சுனாமியா?" எதற்கெடுத்தாலும் பதறுகிறேன் என்று என்னை எப்போதும் கேலி செய்வார்.

"வால்வு திறந்திருந்துச்சு. பார்க்காமலே சொல்லிட்டேன். உள்ள தீ எரியுதுன்னு நினைக்கிறேன்."

அவர் சிரிப்பு நின்றது. "எங்க?"

"தெரியல. நின்ன இடத்துலயே நில்லுங்க."

கதவருகே இதற்கென்றே ஒரு துடைப்பம் மாட்டியிருக்கும். அதை முன்னால் நீட்டியபடி உள்ளே அடி வைத்தேன். எதிரே வெறும் காற்றுதான். துடைப்பத்தின் நுனி சுருண்டு, கருகி, பற்றிக்கொண்டது. கதவுக்கும் அவருக்கும் நடுவே, இடுப்பு உயரத்தில்.

"உள்ள வரும்போது இல்லையே. அந்த வழியாத்தாண்டா வெளிய வர இருந்தேன்," என்றார் மெதுவாக.

பின்வாங்கி, துடைப்பத்தை வாளித் தண்ணீரில் முக்கினேன். குழாய் காலியாகும்வரை கண்ணை எடுக்காமல் காத்திருந்தேன். திரையில் அழுத்தம் பூஜ்யமானதும் வேறொரு துடைப்பத்தை அதே இடத்தில் நீட்டினேன். பற்றவில்லை. மேலே, கீழே, பக்கவாட்டில் வீசினேன். பற்றவில்லை.

"தோகாஷி, நீ சொல்லு. வரட்டுமா?"

அவர் அப்படி என்னைக் கேட்டதே இல்லை. "சரி!" என்று சொல்ல வந்தவன் நிறுத்திக்கொண்டேன். துடைப்பத்தை மறுபடியும் நீட்டினேன்.